இலையில் இருந்ததா, அடுப்பில் பிறந்ததா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பெரியப்பா உதகைக்குப் பக்கத்தில் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் கொட்டகை வைத்திருக்கிறார். பச்சையாக அண்டாவுக்குள் போகும் இலை பழுப்பாக வெளியே வருகிறது. இலையில் கண்ணுக்குத் தெரியாத தைலமும் கிடைக்கிறது. நிறம் மாறி, புதிய பொருளும் வருவதால் இது வேதியியல் மாற்றம் என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சொல்கிறார்கள். காய்ச்சி வடித்தல் இயற்பியல் மாற்றம் என்றுதானே படித்தோம் என்று நாங்கள் சொல்கிறோம். எது சரி?
— எட்டாம் வகுப்பு மாணவி, உதகமண்டலம்

பதில்: உங்கள் வகுப்பில் நடந்தது நல்ல வாதம். இரு பக்கத்தாரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் ஒரே கொட்டகையில் ஒரே நேரத்தில் நடக்கும் மூன்று வேலைகளை நீங்கள் ஒன்றாகக் கருதிவிட்டீர்கள். அவற்றைத் தனித்தனியே பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், அண்டாவுக்குக் கீழே எரியும் அடுப்பு. காய்ச்சி முடித்த சக்கையை உலர்த்தி அதையே விறகாகப் பயன்படுத்துவதை உன் பெரியப்பாவின் கொட்டகையிலும் பார்த்திருப்பாய். அந்தச் சக்கை எரிந்து சாம்பலும் புகையும் கரியமில வாயுவும் நீராவியுமாகிறது. அது வேதியியல் மாற்றம் என்பதில் யாருக்கும் ஐயம் இராது. இரண்டாவது, இலையின் நிறம். இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் மூலக்கூறு நடுவில் ஒரு மக்னீசியம் அணுவைப் பிடித்து வைத்திருக்கிறது. வெப்பத்தில் இலையின் செல்கள் சிதைந்து, உள்ளே இருக்கும் அமிலம் பச்சையத்தோடு சேரும்போது அந்த மக்னீசியம் கழன்றுவிடுகிறது. எஞ்சும் பொருள் வேறொரு மூலக்கூறு. அதன் நிறம் மங்கிய பழுப்புப் பச்சை. கீரையை நெடுநேரம் மூடி வேகவைத்தால் நிறம் மங்குவதும் இதனால்தான். ஆகவே உன் வகுப்புத் தோழர்கள் இலையின் நிறத்தை மட்டும் மனத்தில் வைத்து வேதியியல் மாற்றம் என்று சொல்லியிருந்தால் அவர்கள் சொன்னது சரியே.

மூன்றாவது, தைலம் பிரிவது. உன் கேள்வி உண்மையில் இதைப் பற்றியதுதான். இங்கே கேட்க வேண்டியது ஒன்றே: இந்தத் தைலம் அண்டாவில் ஏறும் முன்பே இலையில் இருந்ததா, அல்லது அடுப்பின் சூட்டில் புதிதாகப் பிறந்ததா? ஒரு யூகலிப்டஸ் இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார். ஊசியால் குத்தியதுபோல ஒளி ஊடுருவும் சிறு புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். தைலம் அவற்றில்தான் தங்கியிருக்கிறது. இலையைக் கசக்கினால், எந்த அடுப்பும் இல்லாமலே அதே மணம் எழுகிறது. இலையை நறுக்கிச் சாராயத்தில் ஊறப்போட்டால், சூடு படாமலே தைலம் சாராயத்தில் இறங்கிவிடும். முன்பே இருந்த பொருள் தன் இயல்பு மாறாமல் இடம் மட்டும் மாறியிருக்கிறது. எனவே தைலத்தைப் பொறுத்தவரை இது இயற்பியல் மாற்றம்.

தைலம் எப்படி வெளியே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். நீலகிரித் தைலத்தின் முதன்மைப் பொருள் சினியோல். அது தனியாகக் கொதிக்க ஏறத்தாழ 176 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையிலோ, காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. பிறகு 176 டிகிரியில் கொதிக்கும் பொருள் அந்த அண்டாவிலிருந்து எப்படி ஆவியாகிறது? ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்களைச் சேர்த்துச் சூடாக்கும்போது ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஆவி அழுத்தத்தைத் தருகிறது. இரண்டு அழுத்தங்களும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டிவிட்டால் போதும், கொதிநிலை வந்துவிடும். அதனால் தண்ணீரும் தைலமும் சேர்ந்த கூட்டு, தண்ணீர் மட்டும் கொதிக்கும் வெப்பநிலைக்கும் சற்றுக் கீழேயே கொதிக்கிறது, நீராவி தைலத்தின் ஆவியையும் கூடவே அழைத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் சுற்றிவரும் குழாயில் இரண்டும் குளிர்ந்து திரவமாகி, கலத்தில் வந்து விழுகின்றன. தைலத்தின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு; ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 0.92 கிராம். ஆகவே அது மேலே மிதக்கிறது, அதை வழித்து எடுத்துவிடலாம். ஆவியாதல், குளிர்தல், மிதத்தல் என்ற இந்த மூன்று படிகளில் எதிலும் சினியோல் சினியோலாகவே இருக்கிறது.

இன்னொன்று. நம் மலையில் இந்த மரத்தைக் கற்பூர மரம் என்றும் அழைக்கிறார்கள். மணத்தால் வந்த பெயர் அது. இது 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட மரம். கற்பூரம் தரும் மரம் வேறு, கற்பூரமும் சினியோலும் வேறு வேறு பொருள்கள். உன் ஆய்வேட்டில் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதே.


கேள்வி: எனக்கு இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. தினமும் பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்குப் போடுகிறேன். அங்கே வாட்டுகிறார்கள், நசுக்குகிறார்கள், புளிக்க வைக்கிறார்கள், உலர்த்துகிறார்கள், சலிக்கிறார்கள். என் மகன் இவற்றில் எவை இயற்பியல் மாற்றம், எவை வேதியியல் மாற்றம் என்று கேட்கிறான்.
— சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: பையனை ஒரு நாள் தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். பள்ளி ஆய்வகத்தில் காட்ட முடியாத அளவுக்கு இரண்டு வகை மாற்றங்களும் அங்கே அடுத்தடுத்து நடக்கின்றன.

பறித்த கொழுந்தின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டும் தொட்டியில் பரப்பி, கீழிருந்து காற்றை ஊதும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகி வெளியேறுகிறது. இது பெரும்பாலும் இயற்பியல் மாற்றம். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், பறித்த இலையும் சில மணி நேரம் உயிருள்ள பொருளே. தண்ணீர் குறையக் குறைய அதற்குள் புரதங்கள் சிதைந்து அமினோ அமிலங்கள் கூடுகின்றன, மணப்பொருள்களும் உருவாகத் தொடங்குகின்றன. சி.டி.சி. என்ற தேயிலை இயந்திரத்தின் உருளைகள் இலையை வெட்டிக் கிழித்து நசுக்குவது இயற்பியல் மாற்றம்தான். ஆனால் அந்த நசுக்கலே அடுத்த படிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. முழு இலையில் கேட்டச்சின் என்ற பொருள்கள் ஓர் அறையிலும், அவற்றை மாற்றக்கூடிய நொதி (வேதி வினையைத் தூண்டும் புரதம்) வேறோர் அறையிலும் இருக்கின்றன. சுவர் உடைந்ததும் இரண்டும் சந்திக்கின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜனும் வந்து சேர்கிறது.

அதன் பிறகு நடப்பதைப் புளிக்க வைத்தல், நொதிக்க வைத்தல் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. மாவு புளிப்பதுபோல இங்கே நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. இது ஆக்சிஜனேற்றம். கேட்டச்சின்கள் தியாஃப்ளேவின், தியாருபிஜின் என்ற புதிய பொருள்களாக மாறுகின்றன. தேநீரின் பொன்னிறத் துலக்கம் முதலாவதிலிருந்தும், அழுத்தமான செம்பழுப்பு நிறம் இரண்டாவதிலிருந்தும் வருகின்றன. இந்த இரண்டும் செடியில் நிற்கும் கொழுந்தில் கிடையாது. தொழிற்சாலையில் பிறந்தவை அவை. ஆகவே இது ஐயத்துக்கு இடமில்லாத வேதியியல் மாற்றம். பச்சைத் தேநீர் தயாரிப்பவர்கள் முதலிலேயே இலையை ஆவியில் காட்டியோ வாணலியில் வாட்டியோ நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுவதால்தான் அந்தத் தூள் செம்பழுப்பாவதில்லை.

டிரையரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. சூடான காற்று ஈரத்தைச் சுமார் மூன்று விழுக்காடு வரை குறைக்கிறது. அது இயற்பியல் மாற்றம். அதே சூடு நொதியின் புரதத்தைச் சிதைத்து அதன் வேலையை நிறுத்துகிறது, புதிய மணங்களையும் உண்டாக்குகிறது. கடைசியாக வரும் சலிப்பும் தூற்றலும் முழுக்க முழுக்கக் கலவையைப் பிரிக்கும் வேலை. பருமனைப் பார்த்துச் சல்லடை பிரிக்கிறது, எடையைப் பார்த்துக் காற்று பிரிக்கிறது. நார் பிரிக்கும் உருளையை உங்கள் மகன் அவசியம் பார்க்க வேண்டும். அந்த உருளையைத் துணி போன்ற பொருளில் உரசவிட்டு நிலைமின்னேற்றம் உண்டாக்குகிறார்கள். சீப்பைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துண்டுகளைக் கவர்வதுபோல, அந்த உருளை நாரையும் காம்புத் துணுக்கையும் தூளிலிருந்து ஈர்த்து எடுத்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். பால் விடாத தேநீரில் தூளிலுள்ள நிறமும் காஃபீனும் வெந்நீரில் இறங்குவது கரைத்துப் பிரித்தல். அது இயற்பியல் மாற்றம். அந்தத் தேநீரில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் சட்டென்று வெளிறும். தண்ணீர் ஊற்றியதுபோலத் தோன்றினாலும், நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் அப்படி வெளிறாது. அமிலம் நிறப்பொருளின் மூலக்கூறையே மாற்றுவதால் ஏற்படும் விளைவு அது.


கேள்வி: பழங்குடி மக்களிடம் வாங்கிய மலைத்தேன் பனிக்காலத்தில் புட்டியின் அடியில் வெள்ளையாக உறைந்துவிட்டது. சர்க்கரை கலந்திருப்பார்களோ?
— இல்லத்தரசி, குன்னூர்

பதில்: அதை வைத்து அவர்கள்மேல் ஐயப்படாதீர்கள். தேனில் இயல்பாகவே குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரு சர்க்கரைகள் செறிவாகக் கரைந்திருக்கின்றன. குளிரில் குளுக்கோஸின் கரைதிறன் குறைவதால் அது படிகமாகப் பிரிந்து அடியில் தங்குகிறது. இது இயற்பியல் மாற்றம். கை பொறுக்கும் சூடுள்ள தண்ணீரில் புட்டியை வைத்தால் மீண்டும் கரைந்துவிடும். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் மட்டும் சர்க்கரையே சிதையத் தொடங்கி நிறமும் சுவையும் கெடும். அது வேதியியல் மாற்றம், திரும்ப வராது.


கேள்வி: முப்பது ஆண்டுகள் தொடக்க வகுப்புகளில் அறிவியல் நடத்தினேன். “பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். இப்போது பேத்திக்கும் அதையே சொல்லலாமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, வெலிங்டன்

பதில்: அம்மா, சிறு பிள்ளைகளுக்கு முதல் படியாக அது பயன்பட்டிருக்கும். ஆனால் பேத்தி மேல் வகுப்புக்குப் போகும்போது அந்த விதி அவளைத் தடுமாற வைக்கும். அதை மாற்றிச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மிளகை அரைத்துத் தூளாக்கிய பிறகு அதை மீண்டும் முழு மிளகாக்க முடியாது. ஆனாலும் அரைத்தல் இயற்பியல் மாற்றமே. மறுபுறம், நீல நிற மயில்துத்தப் (காப்பர் சல்பேட்) படிகத்தைச் சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்கினால் அது தன் படிகத்தில் பிணைந்திருந்த நீரை இழந்து வெள்ளைத் தூளாகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே மீண்டும் நீலமாகிறது. எளிதில் திரும்பினாலும் அது வேதியியல் மாற்றம். காரணம், செம்போடு நேரடியாகப் பிணைந்திருந்த நீர் மூலக்கூறுகளின் பிணைப்பு அங்கே முறிகிறது, பிறகு மீண்டும் அமைகிறது.

நிறம், மணம், வெப்பம் ஆகியவற்றை அடையாளமாகக் கொள்வதிலும் இதே சிக்கல் உண்டு. பூசை அறையிலுள்ள கற்பூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறந்து வைத்தால் கட்டி நாளுக்கு நாள் கரைந்து சிறுக்கிறது, அறையெங்கும் மணம் பரவுகிறது. பொருளே காணாமற்போகும் இந்த மாற்றம் வெறும் பதங்கமாதல், அதாவது திண்மம் திரவமாகாமல் நேரே ஆவியாவது. காற்றில் கலந்திருப்பது கற்பூரமேதான். உப்பும் கற்பூரமும் கலந்த கலவையை மெல்லச் சூடாக்கி, மேலே குளிர்ந்த புனலைக் கவிழ்த்து வைத்தால் கற்பூரம் ஆவியாகிப் புனலின் உட்புறத்தில் படியும், உப்பு கீழேயே தங்கும். அதே கற்பூரத்தைத் தீபாராதனைத் தட்டில் ஏற்றினால் அது எரிந்து வேறு பொருள்களாகிவிடுகிறது. ஒரே பொருளுக்கு நேரும் இரண்டு மறைவுகளையும் பேத்திக்குப் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம். நெருப்பருகே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

விதிக்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்: பிரித்தெடுத்த பொருள் பிரிப்பதற்கு முன்பும் அதே பொருளாக அங்கே இருந்ததா? ஏழு கிராம் இரும்புத் தூளும் நான்கு கிராம் கந்தகத் தூளும் கலந்து வைத்தால் காந்தம் இரும்பைத் தனியே இழுத்துவிடும், ஏனென்றால் இரும்பு அங்கே இரும்பாகவே இருக்கிறது. அந்தக் கலவையைச் சூடாக்கி அது கனன்று ஒன்றான பிறகு காந்தத்தைக் காட்டினால் பயனில்லை. இரும்பு சல்பைடு என்ற சேர்மம் உருவாகியிருக்கும். தண்ணீரில் மின்சாரம் செலுத்தினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டுக்கு ஒன்று என்ற கன அளவில் வெளிவருகின்றன. இதையும் நாம் தண்ணீரைப் பிரித்தல் என்றே தமிழில் சொல்கிறோம். உப்பு நீரைக் காய்ச்சி உப்பெடுப்பதும் பிரித்தல், நீரை உடைத்து வாயுக்களை எடுப்பதும் பிரித்தல் என்று ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால், பிள்ளைகள் தடுமாறுவதில் வியப்பில்லை. முன்னதில் கலவை பிரிகிறது. பின்னதில் சேர்மம் சிதைகிறது.

உப்பு நீரில் கரைவதைப் பற்றி அவள் கூர்மையாகக் கேட்டால், உப்பின் படிகம் கரையும்போது சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் தனித்தனியே பிரிந்து நீர் மூலக்கூறுகளால் சூழப்படுகின்றன என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதனால் இது எல்லைக்கோட்டுக்கு அருகில் நிற்கும் மாற்றம் என்று கருதுவோரும் உண்டு. பள்ளியில் இதை இயற்பியல் மாற்றமாக வகைப்படுத்துகிறார்கள். புதிய பொருள் எதுவும் உண்டாகாததாலும், நீர் வற்றினால் போட்ட உப்பு போட்டபடி கிடைப்பதாலும் எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.


கேள்வி: உருளைக்கிழங்குக்குப் பூஞ்சை நோய் வராமல் அடிக்கும் போர்டோ கலவை பெயரளவில் கலவைதானே? அப்படியானால் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் திரும்பப் பிரித்து எடுக்க முடியுமா?
— விவசாயி, மன்னவனூர், கொடைக்கானல்

பதில்: முடியாது. பெயர் கலவை என்றிருந்தாலும் அது வேதியியல் முறையில் கலவை அன்று. பிரான்சில் போர்டோ பகுதியின் திராட்சைத் தோட்டங்களில் தோன்றி, 1885-இல் மில்லார்டே என்ற தாவரவியல் அறிஞரால் அறிவிக்கப்பட்ட இந்த மருந்தை நீங்கள் தயாரிக்கும் முறையிலேயே விடை இருக்கிறது. ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் கரைக்கிறீர்கள். அது இயற்பியல் மாற்றம். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுத் தாளிக்கும்போது அது கொதித்துப் பொங்குகிறதே, அது வேதியியல் மாற்றம். அந்தச் சுண்ணாம்பை மீதி 50 லிட்டரில் கலக்கிவிட்டு, இரண்டையும் சேர்த்தவுடன் தெளிந்த நீலம் மறைந்து, வான நீலத்தில் கூழ்போன்ற வீழ்படிவு உண்டாகிறது. மயில்துத்தத்தின் செம்பும் சுண்ணாம்பும் வினைபுரிந்து உருவான புதிய சேர்மங்கள் அவை. துணியில் வடிகட்டினால் அந்தக் கூழ் தனியாகவும் நீர் தனியாகவும் கிடைக்கும், ஆனால் மயில்துத்தம் கிடைக்காது.

பளபளப்பாகத் தீட்டிய கத்தியைச் சிறிது நேரம் அதில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உங்கள் பக்கத்தில் இருக்கும். கத்தியில் செம்பழுப்புப் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். வினைபுரியாமல் மிஞ்சிய செம்பு, இரும்போடு இடம் மாற்றிக்கொண்டு உலோகமாகப் படிகிறது. இரும்பு கரைந்து செம்பு வெளியேறும் அந்தச் சோதனையும் ஒரு வேதியியல் மாற்றமே. இரும்பு வாளியிலும் தகரத்திலும் இந்த மருந்தைக் கலக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். பிளாஸ்டிக் தொட்டியில் கலந்து அன்றன்றே அடித்துவிடுங்கள்.


கேள்வி: வின்டர்கிரீன் என்ற குறுஞ்செடியின் தைலத்தையும் நீராவியில்தான் காய்ச்சுகிறார்கள். ஆனால் காய்ச்சுவதற்கு முன் இலையை வெதுவெதுப்பான நீரில் ஊற வைக்க வேண்டும் என்று படித்தேன். யூகலிப்டஸுக்கு இது தேவையில்லையே, ஏன்?
— தைலக் கடை வைத்திருப்பவர், உதகமண்டலம்

பதில்: இந்தக் கேள்வி என் முதல் பதிலிலேயே ஒரு திருத்தம் செய்ய வைக்கிறது. கசக்கினால் மணக்கிறது, ஆகவே தைலம் முன்பே இலையில் இருந்தது என்று அந்த மாணவிக்குச் சான்று சொன்னேன். யூகலிப்டஸுக்கு அது பொருந்தும். சுரப்பிகளைக் கண்ணால் காணவும் முடிகிறது. ஆனால் மணம் ஒன்றை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது என்பதற்கு வின்டர்கிரீன் இலையே எடுத்துக்காட்டு.

வின்டர்கிரீன் தைலம் என்பது ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட். இலையில் அது பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்து கால்தெரின் என்ற சேர்மமாக இருக்கிறது. அந்த நிலையில் அதற்கு மணமும் இல்லை, நீராவியோடு எழும் தன்மையும் இல்லை. இலையை நசுக்கி வெதுவெதுப்பான நீரில் ஊறப்போடும்போது இலையிலேயே உள்ள ஒரு நொதி அந்தப் பிணைப்பை நீரின் துணையால் வெட்டுகிறது. சர்க்கரை ஒரு பக்கமும் மெத்தில் சாலிசிலேட் மறு பக்கமும் விடுபடுகின்றன. கொதிக்கும் நீரில் ஊற வைத்தால் நொதி கெட்டுவிடும் என்பதால்தான் வெதுவெதுப்பு என்று சொல்லப்படுகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டிலும் இதே போன்ற ஒன்று நடக்கிறது. முழுப் பல்லில் நெடி அவ்வளவாக இல்லை. தட்டியவுடன் அல்லின் என்ற பொருளை ஒரு நொதி அல்லிசினாக மாற்ற, நெடி மூக்கில் ஏறுகிறது. பூண்டின் அந்தக் காரமான மணம் அம்மியில் பிறந்தது.

ஆக, வின்டர்கிரீனில் ஊறல் தொட்டியில் நடப்பது வேதியியல் மாற்றம், அதன்பின் அண்டாவில் நடப்பது இயற்பியல் மாற்றம். மெத்தில் சாலிசிலேட்டின் கொதிநிலை 220 டிகிரிக்கு மேல் என்றாலும், விடுபட்டுவிட்ட பிறகு சினியோலைப் போலவே அதுவும் நீராவியோடு சேர்ந்து கொதிநீரின் வெப்பத்திலேயே எழுந்து வருகிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் காய்ச்சுபவர்கள் கவனிக்க வேண்டும். இதன் அடர்த்தி ஏறத்தாழ 1.18, யூகலிப்டஸ் தைலம் கலத்தில் தண்ணீருக்கு மேல் மிதக்கும், இதுவோ தண்ணீருக்கு அடியில் போய்த் தங்கும். எனவே யூகலிப்டஸுக்கு வைத்த கலத்தையே இதற்கும் வைப்பவர்கள், அடியில் உள்ள குழாயைத் திறந்து முதலில் வருவது தண்ணீர் என்று நினைத்துக் கொட்டிவிடக் கூடாது.